காட்சிப்பேழையும் கொழுந்துக் கூடையும்: ஊவாத் தோட்டப்புற வாழ்வைக் காட்சிப்படுத்துதல் பற்றிய ஒரு நோக்கு

1

ஓர் இலக்கியப் படைப்பை அதன் உள்ளடக்கம், உருவம், நோக்குநிலை ஆகிய மூன்றையும் இணைத்து ஆராயும் மரபு தமிழில் நன்கு நிலைபெற்றுள்ளது. ஆயின் ஒரு கண்காட்சியையோ நூதனசாலையையோ அவ்வாறு ஆராயும் முயற்சி அருமையாகவே நிகழ்ந்துள்ளது. பொருள்களைத் தெரிதல், அவற்றை ஒழுங்குபடுத்துதல், அவற்றின் கீழ் எழுதப்படும் குறிப்பு, அக்குறிப்பின் மொழி, பார்வையாளன் நடந்து செல்லும் வழி, அவன் வெளியேறும் வாயில் என்பனவெல்லாம் சேர்ந்து ஒரு கூற்றை முன்வைக்கின்றன. அக்கூற்று எவருடையது, எவரை நோக்கியது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்னும் வினாக்கள் ஒரு நாவலை நோக்கி எழுப்பப்படும் வினாக்களிலிருந்து வேறுபட்டனவல்ல. மலையகத் தமிழரைப் போன்று தமது வரலாற்றைத் தாமே எழுதும் வாய்ப்பு நெடுங்காலம் மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன.

1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கையின் பொருட்டுத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டதன் இருநூறாவது ஆண்டு நிறைவு 2023 ஆம் ஆண்டில் நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டு யூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நிகழ்ந்த நடைபயணம், முன்னோர் நடந்த வழியையே ஒரு காட்சிக்கூடமாக மாற்றிற்று எனலாம். அதனையொட்டிக் கண்காட்சிகளும் ஆவணத் தொகுப்புகளும் பல இடங்களில் தோன்றின. இவை வரவேற்கப்பட வேண்டியன. எனினும், எவற்றை வைப்பது என்று சிந்தித்த அளவிற்கு, எவ்வாறு வைப்பது, எதற்காக வைப்பது என்பன பற்றிய சிந்தனை வளர்ந்ததா என்பது கேள்விக்குரியதே. இக்கேள்விக்கு ஊவா மாகாணத்தின் ஹல்துமுல்லைப் பகுதி பொருத்தமானதோர் உரைகல்லாக அமைகின்றது.

2

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பதுளை செல்லும் நெடுஞ்சாலையில், மத்திய மலைநாட்டின் தென்விளிம்பில் அமைந்துள்ளது ஹல்துமுல்லை. மேலே அப்புத்தளை மலைத்தொடர். கீழே தெற்கு நோக்கி விரியும் வறண்ட தாழ்நிலம். பெயரின் ஈறு தமிழ்ச் செவிக்கு முல்லைத் திணையை நினைவூட்டும். சிங்களத்திலோ அது மூலை என்னும் பொருள் தரும். ஒரே ஒலி இரு மொழியினருக்கு இரு நிலக்காட்சிகளை எழுப்பும் இவ்விடத்தில், இடவுணர்வு பற்றிய எந்த ஆராய்ச்சியும் ஒற்றைப் பரிமாணத்தில் அமைய இயலாது.

இப்பிரதேசத்தில் ஏற்கெனவே ஒரு கண்காட்சி நிலவுகின்றது. அதனை எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. அப்புத்தளைக்கு அருகேயுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை 1890 ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் விலைக்கு வாங்கினார். அதன் உச்சியில் அவர் அமர்ந்து தமது தோட்டங்களைப் பார்வையிட்டதாகக் கூறப்படும் இடம் 'லிப்டன் ஆசனம்' என வழங்குகின்றது. அங்கு அவரது உருவச்சிலையும் அமர்ந்த நிலையில் வைக்கப்பட்டுள்ளது. உள்நாட்டு, வெளிநாட்டுப் பயணிகள் நாள்தோறும் அங்கு ஏறிச்சென்று, சிலையின் அருகமர்ந்து, அது நோக்கும் திசையிலேயே தாமும் நோக்கிப் படம் பிடித்துக்கொள்கின்றனர். அங்கிருந்து நோக்கின் தேயிலைச் செடிகள் ஒரு பச்சைக் கம்பளமாகத் தோன்றும். செடிகளிடையே நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்கள் அக்கம்பளத்தின் புள்ளிகளாகத் தோன்றுவர். உடைமையாளனின் கண் எங்கு நின்று பார்த்ததோ அங்கேயே பார்வையாளனையும் நிறுத்திவிடுவதே இக்காட்சியின் வெற்றி. ஒரு சொல்லும் எழுதப்படாமலேயே, இந்நிலத்தை எவ்விடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று அது கற்பித்துவிடுகின்றது.

இதே நிலத்தை நிரையிலிருந்து நோக்குபவளுக்குத் தென்படுவது வேறு. செங்குத்தான சரிவு, காலடியில் வழுக்கும் கல், அட்டை, மழை, மாலையில் தராசு, கணக்கப்பிள்ளையின் புத்தகம் என்பனவே அவளது நிலக்காட்சியின் கூறுகள். ஆகவே, இடவுணர்வு என்பது இயற்கை தரும் பொதுச்சொத்தன்று. உழைப்பு உறவுகளினால் வகுக்கப்படுவது. இதனை மறைக்கும் கண்காட்சி எத்துணை அழகியதாயினும், அது லிப்டன் ஆசனத்தின் மறுபதிப்பாகவே அமையும்.

3

இலங்கையில் தேயிலையின் வரலாற்றைக் காட்சிப்படுத்தும் இரு நிறுவனங்கள் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கன. ஒன்று, கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்றில் 2001 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலை. மற்றையது, கம்பளைப் பகுதியில் பழைய பீக்கொக் தோட்டத்தின் லயமொன்றில் சமூக அபிவிருத்தி நிறுவகத்தினால் 2007 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை.

ஹந்தானையில் முதன்மை பெறுவன இயந்திரங்கள். கொழுந்தை வாட்டியும் அரைத்தும் உலர்த்தியும் தரம் பிரித்தும் வந்த பழைய பொறிகள் துலக்கப்பட்டு நிறுத்தப்பட்டுள்ளன. 1867 ஆம் ஆண்டு லூல்கந்துரையில் வணிக அடிப்படையிலான தேயிலைச் செய்கையைத் தொடக்கிய ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப்பொருள்கள் அங்கு பேணப்படுகின்றன. மேற்றளத்தில் பார்வையாளர் தேநீர் அருந்தலாம். தொழினுட்ப வரலாறு என்ற அளவில் இம்முயற்சி பயனுடையதே. எனினும் இதன் கதைப்போக்கைச் சுருக்கிக் கூறின், முன்னோடியான ஒருவர் தொடங்க, பொறிகள் தொடர, கோப்பையில் முடிவது அது. மலைக்கும் பொறிக்கும் இடையே கூடையைச் சுமந்த முதுகு அக்கதையின் மையத்தில் இல்லை. உழைப்பின் விளைவு காட்சிக்கு வர, உழைப்பவர் பின்னணியாகிவிடும் இந்நிலை தற்செயலானதன்று. தேயிலை ஒரு பண்டமாகச் சந்தைக்குச் செல்லும்போது அதனை ஆக்கியோரின் முகம் மறைவது போன்றே நூதனசாலையிலும் மறைகின்றது.

கம்பளை நூதனசாலை இதற்கு நேர்மாறான நிலையிலிருந்து தொடங்குகின்றது. தொழிலாளர் வாழ்ந்த லயமே அதன் கட்டடம். அவர்கள் புழங்கிய பாத்திரங்கள், உழைப்புக் கருவிகள், அணிகலன்கள், இசைக்கருவிகள், தொழிற்சங்க ஆவணங்கள் ஆகியனவே அதன் பொருள்கள். கோ. நடேசய்யர் முதலியோர் மேற்கொண்ட தொழிற்சங்கப் பணியை நினைவிற் கொண்ட ஒரு சமூகம், தன் வரலாற்றைத் தானே தொகுத்துக்கொண்ட செயல் என்ற வகையில் அதன் முக்கியத்துவம் பெரிது. ஹந்தானையில் இல்லாத மனிதர் இங்கு இருக்கின்றனர்.

எனினும் திறனாய்வு நோக்கில் இங்கும் ஓர் இடர்ப்பாட்டைச் சுட்டவேண்டியுள்ளது. நூதனசாலை என்னும் நிறுவனம் தான் ஏற்கும் பொருள்களைக் கடந்தகாலத்திற்குரியனவாக மாற்றும் இயல்புடையது. பேழைக்குள் வைக்கப்பட்ட ஒன்று முடிந்துபோன ஒன்று என்னும் எண்ணம் பார்வையாளன் மனத்திற் படிகின்றது. ஆனால் பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி என்று சொல்லப்படும் அந்த லயக்காம்பிரா முடிந்துபோன ஒன்றன்று. நூதனசாலையில் அதனைக் கண்டு இரங்கிய ஒருவர், திரும்பும் வழியிலேயே அதே அமைப்புடைய லயங்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்வதைக் காண்பார். நிகழ்காலத்தை நினைவுச்சின்னமாக்கும் இம்முரண்பாடு அந்நூதனசாலையை அமைத்தோரின் குறையன்று, சமுதாயத்தின் குறை. ஆயினும் காட்சியமைப்பு இம்முரண்பாட்டை வெளிப்படையாக எடுத்துக்காட்ட வேண்டும். சுவரின் இப்பக்கம் நூதனசாலை, அப்பக்கம் வீடு என்னும் உண்மை பார்வையாளனை உறுத்துமாறு அமைவதே நேர்மையான காட்சிப்படுத்தலாகும்.

4

பண்பாடுகளுக்கு இடைப்பட்ட அடையாளம் என்பதை விளக்க முற்படும் கண்காட்சிகள் பொதுவாகக் கையாளும் முறை ஒன்றுண்டு. ஒரு பேழையில் தமிழரின் குத்துவிளக்கு, அடுத்ததில் சிங்களவரின் கண்டிய முரசு, பிறிதொன்றில் முஸ்லிம்களின் செப்புப் பாத்திரம், இன்னொன்றில் துரைமாரின் தொப்பி என அடுக்கி, யாவற்றிற்கும் மேலே ஒற்றுமை பற்றிய ஒரு வாசகத்தை எழுதிவிடுதலே அது. இம்முறை பண்பாடுகளைத் தனித்தனிப் பெட்டிகளாகவே கருதுகின்றது. அவை ஒன்றோடொன்று மோதியும் கலந்தும் வாழ்ந்தமை அதில் புலப்படுவதில்லை.

இதற்கு மாறான வழியைத் தோட்டப்புற மக்களின் மொழியே காட்டித் தருகின்றது. லயக்காம்பிரா என்னும் ஒரு சொல்லை எடுத்து நோக்குக. லயம் அல்லது லயன் என்பது ஆங்கிலத்தின் வழி வந்தது. காம்பிரா போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. அக்காம்பிராவின் முன்னுள்ள இஸ்தோப்பு ஒல்லாந்தர் தந்த சொல். அவ்விஸ்தோப்பில் அமர்ந்து கதை பேசும் கிழவியின் மொழியோ திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வழக்குகள் விரவிய தமிழ். இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய அரசுகளின் முத்திரையும் ஓர் ஏழைக் குடும்பத்தின் வாயிற்படியில் பதிந்துள்ளது. எந்தப் பேழையும் இதனைவிடச் சிறந்த காட்சிப்பொருளைத் தந்துவிட முடியாது.

தொழிற்சாலைகளிற் சக்கரத்தையொட்டி நிலவிய ரோதைமுனி வழிபாடும் இத்தகையதே. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் தமிழ் வடிவம். சிங்களமோ அதனைப் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றது. முனி, தமிழகக் கிராமத்தின் காவல் தெய்வம். ஆங்கிலேயரின் பொறி, போர்த்துக்கேய மூலம் கொண்ட சிங்களப் பெயர், தமிழரின் தெய்வம் ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்த இவ்வழிபாட்டைப் பண்பாட்டுக் கலப்பின் இனிய எடுத்துக்காட்டாக மட்டும் கொள்வது போதாது. கையை இழுத்துக்கொள்ளக்கூடிய பொறியின் முன் நாள்தோறும் நின்ற தொழிலாளியின் அச்சமே அத்தெய்வத்தைப் படைத்தது. கலப்பு நிகழ்ந்தது விருப்பத்தினால் மட்டுமன்று, நெருக்கடியினாலும் நிகழ்ந்தது. ஹந்தானையில் துலக்கி நிறுத்தப்பட்டுள்ள பொறிகளுக்கு அருகே இம்முனிக்கும் ஓர் இடம் இருந்திருப்பின் அந்நூதனசாலையின் பொருளே மாறியிருக்கும்.

காமன் கூத்துப் பற்றியும் இங்குக் குறிப்பிடல் தகும். மாசி மாதத்தில் பல நாட்கள் தொடர்ந்து, முழுத் தோட்டத்தையும் ஆடுகளமாகக் கொண்டு நிகழும் அச்சடங்கு, விழா மேடைகளில் அரை மணி நேர நிகழ்ச்சியாகச் சுருக்கப்படும்போது ஆட்டம் எஞ்சுகின்றது, இடம் மறைந்துவிடுகின்றது. இடத்தோடு பிணைந்த கலையை இடத்திலிருந்து பிரித்துக் காட்டுவோர், தாம் பிரித்தெடுத்தோம் என்பதையேனும் பார்வையாளருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

5

ஹல்துமுல்லையின் வரலாறு தேயிலையோடு தொடங்கவில்லை. அங்கு நிகழ்ந்த அகழாய்வுகள் வரலாற்றுதய காலக் குடியிருப்பொன்றின் எச்சங்களை வெளிப்படுத்தியுள்ளன. அருகேயுள்ள குன்றொன்றில் போர்த்துக்கேயருடையதெனக் கருதப்படும் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. 1630 ஆம் ஆண்டிற் பதுளையை எரித்துத் திரும்பிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, வெல்லவாயவை அண்டிய ரந்தெனிவெலவில் தன் படையோடு அழிந்தான். 1817-18 ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய முறை, கிராமங்களை எரித்தும் வயல்களைப் பாழாக்கியும் அம்மாகாணத்தையே வெறுமையாக்கிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத மேட்டுநிலங்களை அரசுக்குரியனவாக்கித் தோட்டங்களுக்கு வழி திறந்தது. உலகக் கோப்பிச் செய்கையை நிலைகுலையச் செய்த இலை நோய் இலங்கையில் முதலிற் காணப்பட்டதும் ஊவாவிலேயே. 1869 ஆம் ஆண்டு மடுல்சீமையில் அது கண்டறியப்பட்டது. கோப்பி அழியத் தேயிலை எழுந்தது.

இவ்வரிசையை எடுத்துக்கூறுவதன் நோக்கம், தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைப் பழைமையின் பெருக்கில் கரைத்துவிடுவதன்று. நிலத்தை இழந்த கண்டிய விவசாயியும், நிலமே இல்லாது கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒரே நிகழ்ச்சிப்போக்கின் இரு முனைகள் என்பதை உணர்த்துவதே நோக்கம். இவ்விருவரும் ஒருவரையொருவர் தத்தம் இழப்பிற்குக் காரணமாகக் கருதும் நிலை அரசியலில் நெடுங்காலம் வளர்க்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பெருந்தொகையான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியதும் அச்சூழலிலேயே. ஹல்துமுல்லையில் அமையும் எந்தக் கண்காட்சியும் 1818 ஐயும் 1948 ஐயும் வெவ்வேறு மண்டபங்களில் வைக்குமாயின் அது அப்பிளவையே மீண்டும் கட்டியெழுப்பும். இரண்டும் ஒரே சுவரில் அருகருகே அமைய வேண்டும். சிங்களக் கிராமத்தவரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே சுவரின் முன் நின்று வாசிக்கத்தக்கவாறு இரு மொழிகளிலும் அதன் குறிப்புகள் அமைதல் வேண்டும்.

1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் எதிர்காலத்தை எண்களாற் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிய முடிவு 1974 வரை ஒத்திவைக்கப்பட்டுப் பின்னர் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இதன் விளைவாக ஊவாவின் லயங்களிலிருந்து பிரிந்து சென்ற குடும்பங்களிற் பல நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிற் குடியேறின. இங்கு 'இந்தியாக்காரர்' எனப்பட்டோர் அங்கு 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இருபுறமும் அயலாராகவே பெயரிடப்பட்ட ஒரு மக்களின் அடையாளத்தைக் காட்ட முனையும் கண்காட்சி, இலங்கையின் எல்லைக்குள் மட்டும் நின்றுவிட முடியாது. விட்டுச்சென்றோரின் இல்லாமையும் அதன் காட்சிப்பொருளாக வேண்டும். நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவர 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது என்பதும் அதன் பகுதியே.

6

மலையகத்தாரின் இடவுணர்வைப் புனைகதை எவ்வாறு வெளிப்படுத்திற்று என்பதைக் கவனித்தல் இவ்விடத்துப் பயன்தரும். ஊவாவிற் பிறந்த எழுத்தாளர் ஜோசப், தாம் ஆசிரியராகப் பணியாற்றிய தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துத் தெளிவத்தை ஜோசப் ஆனார். ஆங்கில ஏடுகளில் டெல்பெத்தை எனப்பட்ட தோட்டமே தமிழ் வழக்கில் தெளிவத்தை. தமக்கென ஓர் அடி நிலமும் உரிமையாயிராத மக்களிடையே ஒருவர், நிலத்தின் பெயரைத் தம்முடைய பெயராக்கிக்கொண்டமை வெறும் புனைபெயர் வழக்கன்று. அது ஓர் உரிமைக் கோரிக்கை. சட்டம் தராத உறுதிப்பத்திரத்தை இலக்கியம் எழுதிக்கொண்டது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்த பணியும் இத்தகையதே. லிப்டன் ஆசனத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடங்களுக்கு இம்மக்கள் இட்டு வழங்கிய பெயர்கள் அம்மக்களின் வாய்மொழியிலும் எழுத்திலும் மட்டுமே வாழ்கின்றன. எந்த நிலப்படத்திலும் அவை இல்லை.

பெயரில்லாத நிலப்படத்தின் விலை என்ன என்பதை 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை நாடறிந்தது. ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லாந்தைக்கு அருகே, மீரியபெத்தை லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. பாடசாலை சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் பெற்றோரும் இருந்த இடத்தில் சேறு இருந்தது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. முதல் நாட்களில் காணாமற்போனோர் தொகை நூற்றுக்கணக்கில் கூறப்பட்டது. பின்னர் மிகவும் குறைத்துக் கூறப்பட்டது. ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தனர் என்பதைத் தவறாது பதிந்த சமூகம், எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதை உடனடியாகச் சொல்ல முடியாது திகைத்தது. உயிர் தப்பியோர் ஈராண்டுகள் காத்திருந்த பின்னர், 2016 ஆம் ஆண்டிற் பூணாகலைப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

இவ்வழிவை ஒரு கண்காட்சி எவ்வாறு கையாள வேண்டும்? சேற்றிலிருந்து மீட்கப்பட்ட செருப்பையும் பாடப்புத்தகத்தையும் கண்ணாடிக்குள் வைத்து ஒளியூட்டுதல் எளிது. அது பார்வையாளனின் கண்ணீரைப் பெறும்; ஆனால் அக்கண்ணீரோடு அவனது கடமையும் தீர்ந்துவிடும். மண்சரிவு இயற்கையின் செயலாகவும் இறந்தோர் இயற்கைக்குப் பலியானோராகவும் மட்டுமே அதில் தோன்றுவர். செருப்புக்கு அருகே வைக்கப்பட வேண்டியது 2005 ஆம் ஆண்டின் எச்சரிக்கை, அதற்கருகே 2011 ஆம் ஆண்டின் எச்சரிக்கை, அதற்கருகே செக்ரோல். அவ்வாறு வைக்கப்படும்போது இரக்கம் வினாவாக மாறும். கலைப்பொருளின் அழகியல் சமுதாய உண்மையைத் தாங்கி நிற்பதும் அப்பொழுதுதான்.

7

பிற நாடுகளின் அனுபவங்கள் இங்கு ஒப்பிடற்குரியன. தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஆறாம் வட்டாரம் 1966 ஆம் ஆண்டு வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டு, அங்கு வாழ்ந்த அறுபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். 1994 ஆம் ஆண்டிற் பழைய தேவாலயமொன்றில் அமைந்த ஆறாம் வட்டார நூதனசாலையின் மையப்பொருள், தரையில் விரிக்கப்பட்ட ஒரு நிலப்படம். முன்னாள் குடியிருப்பாளர்கள் அதன்மேல் நடந்து, தம் வீடு நின்ற இடத்தில் தம் பெயரைத் தம் கையால் எழுதினர். அங்கு பார்வையாளன் நூதனசாலையைப் பார்ப்பதோடு அமையாது அதனை எழுதவும் செய்கின்றான். மொரீசியசின் போர்ட் லூயிசில் உள்ள ஆப்ரவாசி காட் 2006 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாயிற்று. ஒப்பந்தக் கூலிகள் கரையேறிய படிகளே அங்கு மையம். அப்படிகள் அரச மரபின் பகுதியாக ஏற்கப்பட்டமை, கூலிகளின் வழித்தோன்றல்கள் அந்நாட்டின் உரிமைக் குடிகளாக ஏற்கப்பட்டதன் விளைவு. குடியுரிமை முதலில், நூதனசாலை பின்னர் என்னும் அவ்வொழுங்கு மனங்கொள்ளத்தக்கது.

இவற்றை அப்படியே பின்பற்றுதல் போலியாகும். ஆறாம் வட்டாரத்தார் அகற்றப்பட்டோர். ஊவாத் தொழிலாளரோ தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டோர். எனவே ஹல்துமுல்லைக்கு உரிய நிலப்படம் மூன்று படலங்களை உடையதாதல் வேண்டும். கம்பனியின் அளவைப்படம் ஒன்று. அயற் சிங்களக் கிராமங்களின் இடப்பெயர்கள் ஒன்று. மலைக்கும் ஆற்றுக்கும் பீலிக்கும் கோயிலுக்கும் தொழிலாளர் வழங்கும் பெயர்கள் ஒன்று. மூன்றாவது படலம் வெறுமையாகவே தொடங்க வேண்டும். நிரையிலிருந்து வருவோர் அதனை நிரப்புவர். ஆறாம் வட்டாரத்தின் தரைப்படம் இழந்ததை மீட்டதெனின், ஊவாவின் தரைப்படம் ஒருபோதும் ஏற்கப்படாததை நிறுவும்.

இதற்கு எதிராக இரு வாதங்கள் எழுதல் கூடும். காணியுரிமையும் வீடும் ஊதியமும் தீராத நிலையில் கண்காட்சி ஓர் ஆடம்பரம் என்பது ஒன்று. இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. காணிப்பத்திரத்திற்குப் பதிலாக ஒரு நூதனசாலையை வழங்கும் அரசியல் நிகழ்வதும் கூடும். எனினும், ஒரு மக்கள் ஓரிடத்தோடு கொண்ட உறவைப் பெயர்களாலும் ஆவணங்களாலும் நிறுவும் முயற்சி காணிக் கோரிக்கைக்கு மாற்றன்று, அதற்குச் சான்று. மற்றைய வாதம், இத்தகைய கண்காட்சி விரைவிலேயே சுற்றுலாப் பயணிகளுக்குரிய வேடிக்கைப் பொருளாகும் என்பது. இவ்வாபத்து உண்மையானது. சேலையைத் தலைக்குமேல் இழுத்துக் கூடையை மாட்டிப் படத்திற்கு நிற்கும் பெண்ணின் உருவம் ஏற்கெனவே விற்பனைப் பொருளாகிவிட்டது. அதிலிருந்து தப்பும் வழி, குறிப்புகளின் மொழியொழுங்கிலும் கட்டணத்திலும் நிருவாகத்திலும் தோட்ட மக்களுக்கு முதலிடம் அளிப்பதே. எவரை நோக்கி எழுதப்படுகின்றதோ அவரே ஒரு பனுவலின் தொனியைத் தீர்மானிக்கின்றார். கொழுந்தெடுப்பவளை வாசகியாகக் கொண்டு எழுதப்படும் குறிப்பு, அவளைப் பற்றிப் பிறருக்கு எழுதப்படும் குறிப்பிலிருந்து முதல் வரியிலேயே வேறுபட்டுவிடும்.

ஹந்தானை இயந்திரத்தைக் காட்டிற்று. கம்பளை வீட்டைக் காட்டிற்று. ஹல்துமுல்லை காட்டவேண்டியது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தையும், அந்நிலத்தின்மேல் எவருக்கு என்ன உரிமை என்னும் வினாவையுமே. அவ்வாறு அமையும் கண்காட்சியின் தரத்தை அளக்க நுண்ணிய அளவுகோல்கள் தேவையில்லை. மீரியபெத்தையிலிருந்து வரும் ஒரு முதியவள் அதன் நிலப்படத்தின்முன் நின்று, இந்தப் பீலி இங்கே இல்லை, அந்தக் கோயிலுக்கு மேலே இருந்தது என்று திருத்தவும், அத்திருத்தம் அன்றே அதில் ஏறவும் கூடுமாயின் அக்கண்காட்சி வெற்றி பெற்றதாகும். அவள் வாய்மூடி வியந்து கடந்து செல்வாளாயின், அது மலையடிவாரத்திற்கு இறக்கி வைக்கப்பட்ட இன்னொரு லிப்டன் ஆசனமே.